சபதத்தின் விலையை யார் கொடுப்பது: ஒரு பாலடின் குறித்த நிகழ்வு ஆய்வு

மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் ஞாயிறு மதியம் கூடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம்) குழுவில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். உலகையும் கதையையும் உருவாக்கி ஆட்டத்தை நடத்த ஒரு டிஎம் (டஞ்சன் மாஸ்டர்), ஆட ஐந்து பேர். அந்த ஐவரில் நானும் ஒருவன், மந்திரவாதியான விசார்ட் ஆடுகிறேன். எங்கள் கதாபாத்திரங்கள் ஐந்தாம் நிலையை (லெவல்) எட்டிய சமயத்தில் குழுவே கலைந்துபோகும் அளவுக்கு ஒரு சண்டை வந்தது. சண்டையின் நடுவில் இருந்தது எங்கள் பாலடின், அதாவது சபதம் எடுத்த புனிதப் போர்வீரர். வாரக்கணக்கில் தொடரும் அதே கதையில், அதாவது அதே கேம்பெயினில், அதே பாலடினை அதே ஆள் ஆடி, நாங்கள் இன்றும் பேசிக்கொண்டிருக்கும் காட்சிகளைப் பிறகு தந்தார். நடுவில் என்ன மாறியது என்பதுதான் இந்த ஆய்வின் விஷயம். குழுவில் எல்லோரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்று முடிவு செய்ததால் ஆடுபவர்களை அவரவர் கதாபாத்திர வகையைச் சொல்லியே குறிப்பிடுகிறேன்.

"பாலடினா? வேண்டாமே, ஃபைட்டர் எடுத்துக்கோங்க" என்று, சபதம் ஏதும் இல்லாத போர்வீரரைக் கைகாட்டி, முதல் நாளே சொல்லிவிடும் டிஎம்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனாலும் எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது. நம்பிக்கைக்காக ஒரு மனிதர் எதையெல்லாம் கொடுப்பார் என்ற கேள்வியை இவ்வளவு நேராக மேசைமேல் வைக்கும் கதாபாத்திரம் இந்த ஆட்டத்தில் வேறு இல்லை. கெட்டுப்போன ஒரு பாலடின் எப்படிச் சரியானது என்று பதிவு செய்து வைத்தால், இன்னொரு மேசையில் அந்த "வேண்டாமே" வராமல் இருக்கலாம்.

மேசையும் ஆட்களும்

டிஎம் உருவாக்கிய உலகில் ஒரு துறைமுக நகரம், அதன் தெற்கே உப்பளங்கள், நகரத்தை ஆள ஒரு வணிகர் சபை. உப்பளத் தொழிலாளிகள் கடனை அடைக்க முடியாமல் போனால் அவர்கள் பிள்ளைகளைப் படகில் ஏற்றிக் கொண்டுபோகிறது ஒரு கூட்டம். சபை கண்டும் காணாமல் இருக்கிறது. எங்கள் கதாபாத்திரங்களின் கூட்டமான பார்ட்டி அந்தப் பிள்ளைகளைத் தேடிப் புறப்பட்டது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளைப் பின்பற்றினோம்.

பாலடின் ஆடியவர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் இளம்பெண். குழுவில் வயதில் சிறியவர், விதிப் புத்தகத்தை எங்கள் எல்லோரையும்விட ஒழுங்காகப் படித்தவர். மூன்றாம் நிலையில் 'டிவோஷன்' சபதத்தை எடுத்தார். நேர்மை, துணிவு, இரக்கம், மானம், கடமை என்று ஐந்து நெறிகள் கொண்ட சபதம் அது. பொய் கூடாது, எளியவரைக் காக்க வேண்டும், தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்க வேண்டும். திருட்டிலும் ஏமாற்றிலும் கைதேர்ந்த ரோக்கை ஆடியவர் மயிலாப்பூர்க்காரர், எங்களில் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன். மீதி இருவர் ஃபைட்டரும், இயற்கை மந்திரம் தெரிந்த ட்ரூயிடும்.

சண்டை

முதல் உரசல்கள் சின்னவை. சந்தையில் ரோக் யாருடைய பையையாவது அறுத்தால் பாலடின் திருப்பிக் கொடுக்கச் சொல்வார். ரோக் முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பார். ஐந்தாம் நிலை வந்ததும் டிவோஷன் பாலடினுக்கு 'சோன் ஆஃப் ட்ரூத்' என்ற மந்திரம் கிடைக்கிறது. 15 அடி ஆரத்துக்குள் இருப்பவர் சேவிங் த்ரோவில் (மந்திரத்திலிருந்து தப்பப் பகடை உருட்டுவது) தோற்றால் 10 நிமிடத்துக்குத் தெரிந்தே பொய் சொல்ல முடியாது. யார் தோற்றார், யார் தப்பினார் என்பதும் மந்திரம் போட்டவருக்குத் தெரிந்துவிடும். எங்கள் பாலடின் அந்த மந்திரத்தை முதன்முதலாகப் போட்டது எங்கள் மேல்தான். ஒரு மோதிரம் காணவில்லை. யார் எடுத்தது என்று தெரிய வேண்டும். இருபது முகப் பகடையான டி20 உருட்டினோம், ரோக் தோற்றார், மோதிரம் திரும்பி வந்தது.

விதிப்படி எந்தத் தவறும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ரோக் ஆடும் அண்ணன் தன் திட்டங்களை மேசையில் சொல்வதை நிறுத்திவிட்டு டிஎம்முக்குத் தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்தார். ஒரு மேசை உடையப்போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி எனக்குத் தெரியாது.

அப்புறம் படகோட்டி விஷயம். கடத்தல் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவனைப் பிடித்தோம். "பிள்ளைங்க எங்கன்னு சொல்லு, உன்னை விட்டுடறோம்" என்றார் ரோக். அவன் பாலடினைப் பார்த்தான், பிறகு சொன்னான்: கழிமுகத்துக்கு அக்கரையில் ஒரு பழைய உப்புக் கிடங்கு. பொழுது விடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். ரோக் கத்தியை எடுத்தார். இவனை விட்டால் நமக்கு முன்னால் ஓடிப்போய்ச் சொல்லிவிடுவான் என்பது அவர் கணக்கு.

"அண்ணா, வாக்குக் கொடுத்தாச்சு."

"கொடுத்தது நான்மா. நீ இல்ல."

"நான் பக்கத்துல நின்னேன். அவன் என்னைப் பார்த்துத்தான் நம்பினான்."

இந்தக் கடைசி வரி அருமையான வரி. தன் பேரில் இன்னொருவர் பெற்ற நம்பிக்கைக்கும் தானே பொறுப்பு என்று ஒரு பாலடின் சொல்கிறார். அந்த இடத்தில் காட்சி அரை மணி நேரம் விரிந்திருக்கலாம். ஆனால் அடுத்து வந்தது, பாலடினின் மிகப் பெரிய தாக்குதலான ஸ்மைட்டை வைத்து ஒரு மிரட்டல்: "நீங்க அவனைத் தொட்டா நான் உங்க மேல ஸ்மைட் போடுவேன்." டிஎம் தன் பங்குக்கு, "தெய்வம் பார்த்துக்கிட்டிருக்கு, நீ விட்டுட்டா உன் சக்தி போயிடும்" என்று பாலடினை எச்சரித்தார். ரோக் ஆடும் அண்ணன் தன் கதாபாத்திரத்தின் விவரத் தாளான கேரக்டர் ஷீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். "அப்போ நான் எதுக்குமா வர்றேன்? நீயே ஆடிக்கோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அன்று இரவு குழுவில் பேசியவர்கள் பெரும்பாலும் பாலடின் மேல்தான் குற்றம் சொன்னார்கள். வளைந்து கொடுக்கத் தெரியவில்லை, எல்லாவற்றுக்கும் பாடம் எடுக்கிறார் என்று. நான் அதை ஏற்கவில்லை. அவர் சொன்னதில் பிழை இல்லை. கைதியைக் கொல்லக் கூடாது என்பதில் டிவோஷன் பாலடின் உறுதியாக நிற்கத்தான் வேண்டும்; வளைந்து கொடுத்திருந்தால் அந்தச் சபதத்தை எடுத்திருக்கவே தேவையில்லை. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. அந்தக் காட்சியில் சபதம் காப்பாற்றப்பட்டால் ரோக் தன் முடிவை இழக்கிறார், பார்ட்டி இருட்டின் மறைவை இழக்கிறது, பிள்ளைகள் ஆபத்தில் விழுகிறார்கள். பாலடின் மட்டும் எதையும் இழக்கவில்லை. மோதிரத்திலும் அப்படித்தான், சந்தையிலும் அப்படித்தான். சபதம் ஒருவருடையது, விலை மற்றவர்களுடையது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது

பாலடின் 1975-இல் வந்த கிரேஹாக் துணைநூலில் இந்த ஆட்டத்துக்குள் நுழைந்தது. ஆட்டம் வெளியான மறு ஆண்டு. 1978-இன் விதிப் புத்தகத்தில் நிபந்தனைகள் கடுமையாயின. மனிதராக இருக்க வேண்டும், ஆளுமையைக் குறிக்கும் எண்ணான கரிஸ்மா குறைந்தது 17, லாஃபுல் குட் (சட்டத்துக்கும் நன்மைக்கும் கட்டுப்பட்டவர்) என்ற ஒழுக்க நிலையிலிருந்து நகரக் கூடாது. மந்திரப் பொருள்கள் பத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தானம் கொடுத்துவிட வேண்டும், சொத்துச் சேர்க்கக் கூடாது. தெரிந்தே ஒரு தீய செயலைச் செய்தால் பாலடின் நிலை போய்விடும், திரும்பவும் கிடைக்காது.

இந்தப் பட்டியலை நான் மதிக்கிறேன். பொன்னை விடு, பொருளை விடு என்று எல்லாமே பாலடினின் கையிலிருந்துதான் போகிறது. ஆனால் அதே விதிகளில் இன்னொன்றும் இருந்தது: யாருடன் சேர்ந்து போகலாம் என்ற கட்டுப்பாடு. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் அது தொடர்ந்தது. தன் நெறியைத் திரும்பத் திரும்ப மீறும் ஒருவருடன் பாலடின் கூட இருக்கக் கூடாது. இதை மேசையில் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் திருடினால் என் சக்திக்கு ஆபத்து. அப்படியானால் அவரைக் கண்காணிப்பதுதான் எனக்குப் புத்திசாலித்தனம். பாலடின் ஆடுபவர்கள் காவல்காரர்களாக மாறியதற்கு அவர்கள் குணத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. விதி அவர்களை அங்கே தள்ளியது.

2008-இன் நான்காம் பதிப்பில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. 2014-இல் ஒழுக்க நிலைக்குப் பதில் சபதம் மையத்துக்கு வந்தது. பாலடினின் சக்தி ஒரு தெய்வத்திடமிருந்து வருகிற அளவுக்கே நீதியின் மேல் அவர் வைத்த பற்றிலிருந்தும் வருகிறது என்று அந்தப் பதிப்பு சொல்கிறது. சபதத்தில் தவறினால் என்ன செய்வது என்பதற்கும் மனிதத்தனமான வழி இருக்கிறது: அதே நம்பிக்கை கொண்ட ஒரு குருவிடமோ தன் அமைப்பைச் சேர்ந்த இன்னொரு பாலடினிடமோ போய் மன்னிப்புக் கேட்கலாம், இரவெல்லாம் விழித்துப் பிரார்த்திக்கலாம், உண்ணாமல் இருக்கலாம். 'ஓத்பிரேக்கர்' என்ற வகையும் உண்டு, ஆனால் அது இருண்ட ஆசைக்காகவோ தீய சக்திக்காகவோ சபதத்தை உதறியவருக்கானது. ஒரு நாள் தடுமாறியவரை அந்தப் பெட்டியில் அடைக்கக் கூடாது.

எங்கள் பாலடின் ஆடுபவர் 1978-இன் விதிகளைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர் கற்றது வீடியோ கேம்களிலிருந்தும், வெளிநாட்டுக் குழுக்கள் ஆடும் வீடியோக்களிலிருந்தும். எங்கள் டிஎம்முக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர்கள் மூன்றாம் பதிப்பு ஆடியவர்கள். அதனால்தான், ஒரு முறை தவறியதற்கே சக்தி போய்விடும் என்று 2014 விதிகள் சொல்லாவிட்டாலும், "சக்தி போயிடும்" என்ற மிரட்டல் அவர் வாயில் இயல்பாக வந்தது. கொஞ்ச நாளாகவே அவர் பாலடினுக்கு மட்டும் தனிப் பொறிகள் வைத்துக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். எதிரிகளின் குழந்தைகள் கையில் கிடைத்தால் என்ன செய்வாய் என்பது போன்றவை. எந்தப் பக்கம் போனாலும் விழுவதற்கு ஒரு குழி. அப்படிப்பட்ட இடத்தில் ஆடுபவர் பதறுவார். பதறியவர் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்து இழுப்பார்.

மாட வீதியில் கிடைத்த வழி

அடுத்த ஞாயிறு ஆட்டம் இல்லை. பங்குனி மாதம், கபாலீசுவரர் கோயிலில் அறுபத்து மூவர் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. ரோக் ஆடும் அண்ணனின் வீடு மாட வீதிக்குப் பக்கத்தில். ஒவ்வொரு வருடமும் போல இந்த வருடமும் எல்லோரையும் கூப்பிட்டார், பாலடின் ஆடுபவரையும் சேர்த்துத்தான். நாயன்மார்களின் திருமேனிகள் வரிசையாக வீதியில் போவதைப் பார்த்துவிட்டு மாடியில் உட்கார்ந்து பேசினோம். பேச்சை ஆரம்பித்தவர் அண்ணன்.

"மெய்ப்பொருளார் கதை தெரியுமாமா உனக்கு?"

"தெரியும்ணா. முத்தநாதன் திருநீறு பூசிட்டு வந்து குத்துவானே."

"குத்தினவனை என்ன பண்ணாரு?"

திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருளாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், சிவனடியார் வேடத்தில், சுவடிக் கட்டுக்குள் ஆயுதத்தை மறைத்து உள்ளே வருகிறான். அரசர் வணங்கும்போது குத்துகிறான். மெய்க்காவலன் தத்தன் வாளோடு பாய்கிறான். விழுந்துகொண்டே அரசர் தடுக்கிறார்: இவர் நம்மவர். அதோடு விடவில்லை; ஊர் மக்கள் யாரும் அவனை ஒன்றும் செய்துவிடாமல் எல்லை தாண்டும் வரை தத்தனே கூடப் போய் விட்டுவர வேண்டும் என்கிறார். தத்தன் திரும்பி வந்து சொன்ன பிறகே உயிரை விடுகிறார். இந்தக் கதைகளைப் பெரிய புராணமாகப் பாடிய சேக்கிழார் நம் குன்றத்தூர்க்காரர் என்பதால், சென்னையில் இருக்கும் நமக்கு இவை வெகுதூரத்துக் கதைகள் இல்லை.

"வேஷத்தை வணங்குறதுன்னு வெச்சிருந்தாரு. அந்த விலையை யாரு கொடுத்தா? அவரே கொடுத்தாரு" என்றார் அண்ணன்.

பாலடின் ஆடுபவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தத்தனும்தாண்ணா கொடுத்தான். கொன்னவனைக் காவல் காத்துக் கூட்டிட்டுப் போகணும்னா அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?"

அந்தப் பதிலில்தான் எங்கள் மேசைக்கு வழி கிடைத்தது என்று நினைக்கிறேன். பெரிய விலை சபதம் எடுத்தவருடையது. கூட இருப்பவருக்கும் ஒரு பங்கு வரும், அதை முழுக்கத் தவிர்க்க முடியாது. ஆனால் தத்தன் அரசர் குத்துப்பட்டு விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகு அந்தப் பங்கைச் சுமக்கிறான். அதனால் சுமக்க முடிகிறது.

பேச்சு நீண்டது. ஏனாதி நாயனாரை நான் சொன்னேன். வாட்போர் சொல்லிக்கொடுப்பவர். எதிரி அதிசூரன் நெற்றியில் திருநீற்றைக் கேடயத்தால் மறைத்துக்கொண்டு வந்து, வாள் ஓங்கும் நேரத்தில் காட்டுகிறான். இனி இவனை வெட்டக் கூடாது என்று முடிவு செய்த ஏனாதியார் ஆயுதத்தைக் கீழே போட நினைக்கிறார். பிறகு, ஆயுதம் இல்லாதவரைக் கொன்ற பழி அவனுக்கு வந்துவிடுமே என்று எண்ணி, போரிடுபவர் போலவே வாளும் கேடயமும் பிடித்து நிற்கிறார். உயிரைக் கொடுப்பதோடு, எதிரிக்கு வரக்கூடிய கெட்ட பெயரையும் தானே தடுக்கிறார். புனிதப் போர்வீரர் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இவர்தான்.

கோட்புலி நாயனாரைப் பற்றியும் பேசினோம். சோழப் படைத்தலைவர். கோயிலுக்கென்று சேர்த்து வைத்த நெல்லை, அவர் போருக்குப் போயிருந்தபோது பஞ்சத்தில் சுற்றத்தார் உண்டுவிட்டார்கள். திரும்பி வந்தவர் சுற்றத்தார் எல்லோரையும், பால்குடி மாறாத குழந்தை உட்பட, வெட்டுகிறார். பக்தி மரபில் அதற்கு இருக்கும் பொருளை அளக்க நான் முயலவில்லை. ஆனால் எங்கள் மேசைக்கு அந்தக் கதை ஒரு எல்லைக்கோட்டைக் காட்டியது. சபதம் முழுமையாக நிற்கிறது, விலை முழுவதும் மற்றவர்கள் தலையில் விழுகிறது. நாங்கள் அதுவரை ஆடியதும் அந்தப் பக்கம்தான்.

மாற்றி எழுதியது

பாலடின் ஆடுபவர் சபதத்தின் ஐந்து நெறிகளையும் 'நான்' என்று தொடங்கும் வாக்கியங்களாக எழுதி வந்தார். "யாரும் பொய் சொல்லக் கூடாது" போய், "நான் பொய் சொல்ல மாட்டேன்" ஆனது. ஒவ்வொன்றுக்கும் கீழே விலையை எழுதியிருந்தார். எனக்குப் பிடித்தது இது: "என் முன்னால் சரணடைந்தவர் என் பொறுப்பு. அவரைக் காவல் காப்பது நான். அன்று எனக்குத் தூக்கம் இல்லை."

விதிகளுக்குள் அந்த வாக்கியத்துக்குப் பல் இருக்கிறது. நீண்ட ஓய்வு எடுக்காவிட்டால் பாலடினின் மந்திர ஸ்லாட்டுகள் (மந்திரம் போடச் செலவழிக்கும் இருப்பு) திரும்ப வராது. தொட்டுக் குணப்படுத்தும் 'லே ஆன் ஹேண்ட்ஸ்' இருப்பும் நிரம்பாது. ஐந்தாம் நிலையில் அது 25 புள்ளிகள். ஸ்லாட் இல்லையென்றால் ஸ்மைட்டும் இல்லை. ஒரு கைதியை உயிரோடு வைத்துக்கொள்ள பாலடின் தன் மிகப் பெரிய ஆயுதத்தை ஒரு நாளுக்கு விட்டுக்கொடுக்கிறார். படகோட்டி காட்சியை அங்கிருந்தே மறுபடி ஆடினோம். பாலடின் சொன்னார்: "நீங்க போங்க. நான் இவரோட இங்க இருக்கேன், விடிஞ்சதும் விட்டுட்டு வந்து சேர்றேன்." கிடங்கில் நடந்த சண்டைக்கு எங்கள் சிறந்த போர்வீரர் தாமதமாக வந்தார், வந்தபோதும் களைத்திருந்தார். ஃபைட்டர் ஏறக்குறைய செத்துப் பிழைத்தார். யாரும் பாலடினைக் குறை சொல்லவில்லை.

டிஎம் இரண்டு விஷயங்களை ஒப்புக்கொண்டார். ஆடுபவரின் சம்மதம் இல்லாமல் பாலடினின் சக்தியைப் பறிப்பதில்லை. "பாலடின் விழுவாரா" என்ற கேள்வியைக் கைவிட்டு, "இன்றைக்கு சபதத்தைக் காப்பாற்ற என்ன ஆகும்" என்பதை முன்கூட்டியே தெரியும்படி காட்சியில் வைப்பது. அண்ணன் தன் பக்கம் ஒன்று சொன்னார்: பார்ட்டிக்குள் திருடுவதில்லை, பாலடினைச் சீண்டுவதற்கென்றே எதையும் செய்வதில்லை.

ஒரு பழைய தந்திரத்தையும் ஒதுக்கினோம். பாலடினைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டு அவர் திரும்புவதற்குள் கைதியின் கதையை முடிப்பது பல மேசைகளில் சகஜம். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஒருவர் ஆசையாக எடுத்து வந்த கதாபாத்திரத்தை, கதை சூடு பிடிக்கும் நேரத்தில் அறையை விட்டு வெளியே நிற்க வைக்கிறோம். அதைவிட நேராகச் சண்டை போடலாம்.

பேச்சு நடையும் மாறியது. தமிழில் ஆடும்போது பாலடின் வாயைத் திறந்தால் பலருக்கு மேடைத் தமிழ் வந்துவிடுகிறது. "அற்பனே, நில்!" என்ற தொனி. முதல் இரண்டு நிமிடம் நன்றாக இருக்கும், அப்புறம் எதிரில் இருப்பவருக்குப் பேச இடமே இருக்காது. எங்கள் பாலடின் அதை விட்டார். கைதியிடமும் "வாங்க, உட்காருங்க, தண்ணி குடிங்க" என்று பேச ஆரம்பித்தார். எல்லோரும் "டேய்" என்று அழைக்கும் ஒரு படகோட்டியை ஒருவர் மட்டும் "நீங்க" என்றால், அவர் யார் என்பது அறைக்கே புரிந்துவிடுகிறது.

கதவும் சிறையும்

மீட்டு வந்த பிள்ளைகளையும் அவர்கள் குடும்பங்களையும் ஒரு வீட்டின் நிலவறையில் மறைத்து வைத்திருந்தோம். சபையின் காவல் தலைவன் வீரர்களோடு வந்து கதவைத் தட்டினான். வாயாடுவதில் கெட்டிக்காரரான ரோக் முன்னால் போனார். தலைவன் அவரை ஒதுக்கிவிட்டுப் பாலடினைக் கேட்டான்: "நீ பொய் சொல்ல மாட்டேன்னு ஊரே சொல்லுது. உள்ள யாரு இருக்கா?"

டிஎம் கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருந்தார். நான் விசார்டாக இல்லாமல் நானாகவே சொன்னேன், குற்றமில்லாத நன்மை வருமென்றால் பொய்யும் வாய்மைதான் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே என்று. "அது சரிதாண்ணா. ஆனா என் ஆள் அந்த வழியை எடுத்துக்கல. எடுத்திருந்தா இந்த ஊர்ல அவளை யாரும் கேட்டிருக்கவே மாட்டாங்க" என்றார் பாலடின் ஆடுபவர். பிறகு தலைவனைப் பார்த்து, பாலடினின் குரலில்:

"உள்ள இருக்கிறவங்க என் காவல்ல இருக்காங்க. அவங்களை உங்ககிட்ட தர மாட்டேன். பேரும் சொல்ல மாட்டேன். உங்களுக்கு ஒருத்தரைக் கூட்டிட்டுப் போகணும்னா என்னைக் கூட்டிட்டுப் போங்க." வாளைக் கழற்றிக் கீழே வைத்தார்.

டிஎம் கரிஸ்மா உருட்டச் சொன்னார். நல்ல எண் விழுந்தது. இப்படிப்பட்ட ஒருவரைத் தெருவில் எல்லோர் முன்னாலும் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தால் ஊர் கொந்தளிக்கும் என்று தலைவன் கணக்குப் போட்டான். பாலடினைக் கைது செய்து கூட்டிப் போனான். அந்த இரவில் ரோக் தன் திறமை அத்தனையும் காட்டிக் குடும்பங்களைப் படகில் ஏற்றி அனுப்பினார். அவர் பொய் சொன்னார், பூட்டை உடைத்தார், ஒரு காவலனுக்கு லஞ்சம் கொடுத்தார். பாலடின் சிறையில் வாங்கிக்கொடுத்த நேரத்தில் ரோக் ரோக்காகவே இருக்க முடிந்தது. இருவரின் கதாபாத்திரங்களும் ஒன்றையொன்று குறைக்காமல் ஒரே வேலையைச் செய்த முதல் இரவு அது.

சிறைக் காட்சிதான் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. பாலடின் ஆடுபவர் ஒரு முழு செஷன் சும்மா உட்காராமல் இருக்க டிஎம் அங்கும் இங்குமாகக் காட்சியை மாற்றிக்கொண்டே இருந்தார். சிறையில் காய்ச்சல் பரவியிருந்தது. 2014 விதிகளில் மூன்றாம் நிலையிலிருந்தே பாலடினுக்கு நோய் தொற்றாது. லே ஆன் ஹேண்ட்ஸில் 5 புள்ளி செலவழித்தால் ஒரு நோய் குணமாகும். வாளும் கவசமும் போனாலும் கை போகவில்லை. 25 புள்ளிகள், அதாவது ஒரு நாளைக்கு ஐந்து பேர். சிறையில் இருந்த நோயாளிகள் அதைவிட அதிகம்.

பாலடின் ஆடுபவர் நீண்ட நேரம் எண்ணிக்கொண்டிருந்தார். குழந்தையோடு இருந்த ஒரு பெண், இரண்டு முதியவர்கள், ஒரு திருடன். ஐந்தாவது ஆள் யார் என்பதில் நின்றார். சிறைக் காவலாளியும் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தான், கைதிகளை அடித்தவன். ஃபைட்டர் ஆடுபவர், "அவனை விடு, அவன் சாகட்டும், சாவி கிடைக்கும்" என்றார். பாலடின் அவன் நெற்றியில் கை வைத்தார். அதற்காக விடுபட்ட ஒரு கைதி இரவில் இறந்தான் என்று டிஎம் அறிவித்தபோது பாலடின் ஆடுபவர் வாதாடவில்லை. இறந்தவன் பேரைக் கேட்டு ஷீட்டில் எழுதிக்கொண்டார். அது சரியான முடிவா என்று எங்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. காவலாளியைத் தொட்டது சரி என்பது என் கட்சி, அண்ணன் ஒத்துக்கொள்வதில்லை.

ஆறாம் நிலைக்கு வந்தபோது பாலடினுக்கு 'ஆரா ஆஃப் ப்ரொடெக்ஷன்' கிடைத்தது. 10 அடிக்குள் நிற்கும் தோழர்களின் சேவிங் த்ரோவில் பாலடினின் கரிஸ்மா சேர்ந்துகொள்ளும். இந்த விதியை நான் மிகவும் நேசிக்கிறேன். பாலடினின் நல்லொழுக்கம் பக்கத்தில் நிற்பவரைக் காக்கும் எண்ணாக மாறுகிறது. ஸ்மைட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 2024-இன் புதிய விதிகளில் அது மந்திரமாக மாறி, ஒரு போனஸ் ஆக்ஷனையும் (தன் முறையில் கிடைக்கும் கூடுதல் செயல்) கேட்பதால் கோபப்பட்டவர்களும் உண்டு. எனக்கு ஸ்மைட் இரண்டாம் பட்சம்.

சபதத்தின் பலன் பார்ட்டிக்கும் வர ஆரம்பித்தது. பாலடினிடம் சரணடைந்தால் உயிர் நிச்சயம் என்ற செய்தி கழிமுகம் முழுக்கப் பரவி, கூலிக்கு வந்த எதிரிகள் பாதிச் சண்டையிலேயே ஆயுதத்தைப் போட்டார்கள். டிஎம் இதை வேண்டுமென்றே செய்தார், சரியாகவும் செய்தார். விலை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தால் எந்த ஆடுபவரும் களைத்துப்போவார்.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்ல முடியாது. ட்ரூயிட் ஆடியவருக்குச் சிறை செஷன் சலிப்பாக இருந்தது. அவர் வாரமெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பூதங்களோடு சண்டை போட வருபவர். இரண்டு மூன்று செஷன்களுக்குப் பிறகு, மனக்கசப்பு இல்லாமல், வேறு குழுவுக்குப் போய்விட்டார். அறச்சிக்கலை எவ்வளவு நேரம் ஆடலாம் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோரும் உட்கார்ந்து பேசியிருந்தால் அவருக்கும் இடம் இருந்திருக்கும்.

இப்போது அடுத்த கேம்பெயினுக்குத் தயாராகிறோம். ரோக் ஆடிய அண்ணன் பாலடின் கேட்டிருக்கிறார், அதுவும் 'வெஞ்சன்ஸ்' சபதம். பெரிய தீமையை முதலில் எதிர்ப்பது, கொடியவருக்கு இரக்கம் இல்லை, எந்த வழியானாலும் சரி என்று போகும் அந்தச் சபதத்தில் விலை மற்றவர்கள் மேல் விழ நிறையவே வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அதன் நான்காவது நெறி அதிகம் பேசப்படுவதில்லை: எதிரிகள் நாசம் செய்தார்கள் என்றால் நான் தடுக்கத் தவறியதால்தான், அதனால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு செய்வது என் கடமை. அண்ணன் அதைத்தான் தன் பட்டியலில் முதலில் எழுதியிருக்கிறார். கீழே விலை: நான் பழிவாங்கப் போன வழியில் வீடிழந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீடு கட்டி முடிக்கும் வரை அடுத்த எதிரியைத் தேடிப் போக மாட்டேன். அதற்குள் எதிரி தப்பிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று டிஎம் கேட்டிருக்கிறார். அண்ணன் இன்னும் பதில் எழுதவில்லை; அதை எழுதாமல் முதல் செஷனுக்குத் தேதி குறிப்பதில்லை என்று பழைய பாலடின் பிடிவாதமாக இருக்கிறார்.